நீரிழிவுடைய மாணாக்கரும் ஆசிரியரும்



ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற உரிமையோடு இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லேன். நோய்களைப் பற்றி வைத்தியர்கள் வானொலியிற் பேசுவதை நீங்கள் பலகாலும் கேட்டிருப்பீர்கள். ஆயினும் ஒரு நோயைப் பற்றி ஆசிரியன் ஒருவனும் பேசவேண்டிய தேவை உண்டு. ஏனெனில், அந்நோயுடைய பிள்ளை பகற்பொழுதின் ஆறு மணி நேரத்தை வைத்தியரின் பார்வையிலன்று, ஆசிரியரின் பார்வையிலேயே கழிக்கின்றது. சிறுவர்க்கு உண்டாகும் நீரிழிவையே குறிப்பிடுகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பிற் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவ்வகுப்பில் அமைதியும் கூர்மையும் உடைய ஒரு சிறுமி இருந்தாள். ஒரு தவணையின் நடுவில் அவளுடைய போக்கு மாறிற்று. ஒரே பாடவேளையில் இருமுறை, மும்முறை எழுந்து, "சேர், வெளியே போய்விட்டு வரட்டுமா?" என்று கேட்பாள். தண்ணீர்ப் போத்தலை மேசைமேல் வைத்து ஓயாமற் குடிப்பாள். வீட்டுக்கணக்குச் செய்யாமல் வருவாள். பாடத்திலிருந்து தப்புவதற்கு இஃது ஓர் உபாயம் என்று நான் எண்ணினேன். ஒருநாள், "இடைவேளை மணி அடித்த பின்பு போகலாம், இப்பொழுது இரு" என்று கண்டிப்பாகச் சொன்னேன். மணி அடிக்குமுன் அப்பிள்ளை இருந்த வாங்கு நனைந்துவிட்டது. வகுப்புச் சிரித்தது. அடுத்த நாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை; அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாணத்தால் வராதிருக்கிறாள் என்று நானும் வாளாவிருந்தேன். எட்டாம் நாள் அவளுடைய தாயார் வந்து, பிள்ளை வாந்தியெடுத்து மயங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும், இரத்தத்திற் சீனி மிகுந்திருந்ததையும், இரண்டு நாட் சென்றே கண் விழித்ததையும் சொல்லி அழுதார். அத்தாயார் என்னைக் குற்றங் கூற வரவில்லை. விடுமுறைக் கடிதம் கொடுக்கவே வந்தார்.

அப்பிள்ளை என்னிடம் கேட்டதெல்லாம் நோயின் குறிகளே. நான்கு வாரங்களாக அவை என் கண்முன் நிகழ்ந்தன. தாயார் வீட்டில் ஒரு பகுதியைக் கண்டார். நான் வகுப்பில் மறுபகுதியைக் கண்டேன். இரண்டையும் ஒன்றுசேர்க்க எவரும் இலர்.

நீரிழிவு என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது நடுவயதுக்காரரின் நோயே. சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும் நாம் வீடுகளில் வழங்குவது பெரும்பாலும் அதனைத்தான். சீனி வருத்தம் என்னும் பெயர் ஒரு தீங்கும் செய்கின்றது. சீனி தின்றமையால் வந்த வருத்தம் என்று அப்பெயர் ஒரு தீர்ப்பையும் உடன் சொல்லிவிடுகின்றது. பிள்ளைக்கு நோய் வந்தால், "இனிப்புப் பண்டங்களைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று அயலார் பேசுவதும், தாயார் தம்மைத் தாமே நொந்துகொள்வதும் இதனால் விளைபவை. நீரிழிவு என்ற பழம்பெயர் இதைவிட நன்று. உடலினின்று நீர் இழிந்துபோகும் நிலையை அது காட்டுகின்றது. பழி எதுவும் சுமத்துவதில்லை. பண்டைய ஆயுர்வேத ஆசிரியராகிய சுசுருதர், பிறவியோடு ஒட்டி வருவது என்றும், உணவொழுக்கம் தவறியதால் வருவது என்றும் இந்நோயை இருவகைப்படுத்தியிருக்கின்றார். இக்காலத்து வைத்தியர் முதலாம் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பதும் ஏறத்தாழ அந்த வழியிலேயே செல்கின்றது.

இரைப்பைக்குப் பின்புறத்தே சதையி அல்லது கணையம் எனப்படும் சுரப்பி ஒன்று இருக்கின்றது. அதனுள் தீவுகள்போற் சிதறிக் கிடக்கும் கலங்கள் சில இன்சுலின் என்னும் சுரப்பைத் தருகின்றன. நாம் உண்ணும் சோறும் பாணும் குடலிற் செரித்துக் குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றன. அந்தக் குளுக்கோசு தசைகளுக்குள்ளும் பிற உறுப்புகளுக்குள்ளும் புகுவதற்கு இன்சுலின் வழிதிறந்துவிட வேண்டும். முதலாம் வகை நீரிழிவில், நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென அமைந்த உடலின் காவற்படையே வழிதவறி, இன்சுலினைச் சுரக்கும் கலங்களைத் தாக்கி அழித்துவிடுகின்றது. இது தொற்றுவதன்று. இனிப்புண்டதால் வருவதுமன்று. பெற்றோர் செய்த பிழையுமன்று.

இன்சுலின் இல்லாதபோது குளுக்கோசு இரத்தத்திலேயே தேங்குகின்றது. ஒரு தெசிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்ததும் சிறுநீரகங்கள் அதனைத் தடுத்து வைக்க மாட்டாமற் சிறுநீரிற் கழிக்கத் தொடங்குகின்றன. சீனி தனியே போவதில்லை. தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றது. ஆகவே பிள்ளை அடிக்கடி வெளியே போகின்றது. போனதால் தாகம் எடுக்கின்றது. தாகத்தால் ஓயாமற் குடிக்கின்றது. என் வகுப்பிற் கண்ட காட்சி இதுதான். உண்ட உணவு உடலிற் சேராமையால் எடை குறைகின்றது. எரிபொருளுக்கு வேறு வழியின்றி உடல் தன் கொழுப்பை எரிக்கின்றது. அதனால் அமிலத்தன்மையுடைய கீற்றோன்கள் என்னும் பொருள்கள் இரத்தத்திற் பெருகுகின்றன. பின்பு வயிற்றுவலி, வாந்தி, பழுத்த பழத்தின் மணம்போன்ற மூச்சு, ஆழ்ந்து விரைந்த சுவாசம், மயக்கம், உரிய சிகிச்சை இல்லையேல் மரணம். முதற் குறிகள் தோன்றிச் சில கிழமைகளுக்குள்ளேயே இவ்வளவும் நிகழ்ந்துவிடலாம்.

1922 ஆம் ஆண்டுக்கு முன் இந்நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியர் கொடுக்கக்கூடியதாக இருந்தது பட்டினி ஒன்றே. மிகக் குறைந்த உணவு கொடுத்து, எலும்புந் தோலுமாக ஓரிரண்டு ஆண்டுகள் உயிரைத் தாங்கிவைப்பார்கள். கனடா நாட்டின் தொரன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ற், மக்லியோட், கொலிப் என்னும் நால்வரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 சனவரி 11 ஆம் நாள் முதன்முதல் மனிதன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. அந்த மனிதன் பதினான்கு வயதுப் பையன். பெயர் லெனாட் தொம்சன். முதல் மருந்து தூய்மை போதாமையாற் பயன் தரவில்லை. பன்னிரண்டு நாள்களின் பின், தூய்மையாக்கப்பட்ட மருந்தை ஏற்றியபோது பையன் தேறினான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். பாண்டிங்கின் பிறந்த நாளாகிய நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு தினமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆக, பள்ளி செல்லும் வயதுடைய நீரிழிவு நோயாளி என்பவர் நூறாண்டு வயதேயுடைய ஒரு புதிய மனிதர். அதற்கு முன் வகுப்பறைகளில் இப்பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வியே எழுந்ததில்லை. பிள்ளைகள் இருந்தால்தானே கேள்வி எழும்!

இன்சுலின் கிடைத்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நலமுடையவரின் சதையி, உண்ட அளவை அறிந்து, ஓடிய ஓட்டத்தை அறிந்து, அவ்வப்போது வேண்டிய அளவே இன்சுலினைச் சுரக்கின்றது. ஊசியால் ஏற்றப்பட்ட இன்சுலினுக்கு அவ்வறிவு இல்லை. அஃது உள்ளே சென்றபின், பிள்ளை உண்டதா உண்ணவில்லையா என்று பாராமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஆசிரியர் அறிய வேண்டியவற்றுள் இதுவே தலையாயது.

விரைந்து செயற்படும் இன்சுலினையும் மெதுவாகச் செயற்படும் இன்சுலினையும் கலந்து, காலையிலும் மாலையிலுமாக இருமுறை ஏற்றிக்கொள்ளும் முறையிற் சிகிச்சை பெறும் பிள்ளைகள் உளர். காலை ஆறரை மணிக்கு ஊசி ஏற்றி, உணவு உண்டு, ஏழரை மணிக்குப் பிள்ளை வகுப்பில் இருக்கின்றது. விரைந்த மருந்தின் வேகம் இரண்டு மணி முதல் நான்கு மணி நேரத்துள் உச்சம் அடைகின்றது. மெதுவான மருந்து அதனைத் தொடர்ந்து முற்பகலிலும் நண்பகலிலும் வலுக்கின்றது. அஃதாவது, முற்பகல் பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையே, பிள்ளையின் உடலில் மருந்து ஓங்கியும் உணவு தாழ்ந்தும் நிற்கும். இடைவேளை உணவு அப்பிள்ளைக்குத் தின்பண்டமன்று. காலை ஏற்றிய மருந்தின் மறுபாதி. வீட்டுக்கணக்குச் செய்யாமைக்குத் தண்டனையாக இடைவேளையில் வகுப்பிலே நிறுத்திவைக்கும் ஆசிரியர், தாம் அறியாமலே அந்த மறுபாதியைப் பறித்துவிடுகின்றார்.

இரத்தத்திற் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்தால் அது கவனிக்கவேண்டிய நிலை. 54 இற்குக் கீழே இறங்கினால் ஆபத்தான நிலை. மூளைக்கு வேண்டிய எரிபொருள் குறைவதே காரணம். உடல் முதலில் எச்சரிக்கின்றது: கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளிறும், பசி எழும், நெஞ்சு படபடக்கும். அடுத்து மூளை தடுமாறும். வகுப்பறையில் இஃது எவ்வாறு தோன்றும் என்பதை வைத்தியரைவிட ஆசிரியரே நன்கு கூறமுடியும். அழகாக எழுதும் பிள்ளையின் கையெழுத்துக் கோட்டை விட்டு இறங்கும். தெரிந்த வாய்பாட்டைப் பிழையாகச் சொல்லும். காரணமின்றிச் சினக்கும், அல்லது அழும். கேட்ட கேள்விக்கு வெறித்துப் பார்க்கும். மேசைமேல் தலை சாய்க்கும். கவனமின்மை, முரட்டுத்தனம், சோம்பல் என்று நம் குறிப்பேட்டில் நாம் எழுதுகின்ற மூன்றும் இங்கே ஒரு நோயின் வேடங்கள். இந்நிலையில் உதவி கிடையாவிட்டால் வலிப்பும் நினைவிழப்பும் தொடரும்.

நான் முன்னே கூறிய சிறுமி குணமடைந்து மீண்டும் வகுப்புக்கு வந்தாள். அவளுக்கு இன்சுலின் ஏற்றப்படுகின்றது என்று அறிந்திருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் அறியேன். ஒருநாட் பதினொரு மணியளவில் அவள் மேசைமேல் தலை வைத்துக் கிடந்தாள். அப்பொழுது பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேறோர் ஆசிரியர். அவர் அதட்டினார், எழவில்லை. பக்கத்தில் இருந்த தோழி எழுந்து, கேளாமலே தன் பையிலிருந்த குளுக்கோசுப் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரிற் கரைத்து அவளுக்குப் பருக்கினாள். பத்து நிமிடத்தில் அவள் நிமிர்ந்து இருந்தாள். அத்தோழிக்குக் கற்பித்தவர் யார் என்று பின்பு விசாரித்தேன். நோயுற்ற சிறுமியே கற்பித்திருக்கிறாள். ஆசிரியரிடம் சொல்ல அஞ்சியதை அவள் தோழியிடம் சொல்லியிருக்கிறாள்! பட்டம் பெற்ற நாங்கள் இருவர் அறியாததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அறிந்திருந்தது என்ற எண்ணமே என்னை இவ்விடயத்தைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

செய்யவேண்டியது மிக எளிது. பிள்ளைக்கு நினைவு இருந்து விழுங்க முடியுமானால், விரைவிற் செரிக்கும் சீனியை உடனே கொடுத்தல் வேண்டும். சிறு பிள்ளைக்கு இரண்டு தேக்கரண்டி, வளர்ந்த மாணாக்கருக்கு மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோசைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுத்தாற் போதும். சொக்கிளேற்று ஏற்றதன்று, அதிலுள்ள கொழுப்புச் சீனி இரத்தத்தை அடைவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் பார்த்திருந்து, தெளியாவிட்டால் மறுமுறையும் கொடுக்கலாம். தெளிந்தபின் பிஸ்கற்றோ பாணோ உண்ணச் செய்தல் வேண்டும். இல்லையேல் மீண்டும் தாழும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலிற் சென்றுவிடும். ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, உடனே 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அறிவித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

சீனி தாழ்ந்ததா, மிகுந்ததா என்று தெரியாவிட்டால் என் செய்வது என்று சிலர் வினவுவர். ஐயம் உள்ளபோது சீனியைக் கொடுப்பதே முறை. மிகுந்திருந்த பிள்ளைக்குச் சிறிது சீனி கொடுப்பதால் அந்த நேரத்திற் பெருந்தீங்கு நேராது. தாழ்ந்திருந்த பிள்ளைக்குக் கொடாமல் விடுவதாலோ நேரும். ஆசிரியர் ஒருபோதும் தாமாக இன்சுலினை ஏற்ற முற்படலாகாது. மற்றொன்று: நடுங்கும் பிள்ளையை, "காரியாலயத்துக்குப் போ", "வீட்டுக்குப் போ" என்று தனியே அனுப்பலாகாது. படிக்கட்டில் விழுந்து கிடந்தாற் காண்பவர் யார்?

ஆசிரியர்களிடையே உள்ள அறிவு எத்தகையது என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சவூதி அரேபியாவிலும் துருக்கியிலும் இத்தகைய ஆய்வுகள் பலமுறை நடந்திருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை சொல்வது ஏறத்தாழ ஒன்றே. நீரிழிவு என்றால் என்ன என்று ஆசிரியருக்குப் பொதுவாகத் தெரியும். ஆனால், மாணாக்கர் ஒருவருக்குச் சீனி தாழும்போது கண்டறிந்து உதவும் அறிவு குறைவு. பயிற்சி பெற்றவர்களிடம் அவ்வறிவு மிகுந்திருக்கின்றது. உதவும் மனம் பெரும்பாலாருக்கு உண்டு. அச்சம் அதைவிடப் பெரிதாக நிற்கின்றது.

நம் பாடசாலைகளில் நான் கண்ட ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஆசிரியர்களுட் பலர் தாமே இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்கள். காலையில் நடப்பார்கள், குளிகை விழுங்குவார்கள், தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பார்கள். தம் நோயைப் பற்றி நன்கறிந்த அவர்கள், பிள்ளையின் நோயையும் அவ்வாறே அறிந்தவர்களாக எண்ணிக்கொள்கிறார்கள். நடுங்கும் கையோடு ரொபி ஒன்றைப் பிரிக்கும் பிள்ளையைக் கண்டு, "உனக்குச் சீனி வருத்தம் அல்லவா? இதைத் தின்னலாமா?" என்று அன்போடு பறித்துவிடுவார்கள். ஒன்றும் அறியாதவர் கேட்டாவது அறிவார். பாதி அறிந்தவர் கேட்பதில்லை.

அச்சத்தைப் பற்றி ஆசிரியர்பக்க நியாயமும் உண்டு. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பு, பாடத்திட்டமோ நீண்டது, ஏதேனும் தவறு நேர்ந்தால் விசாரணைக்கு நிற்பவர் ஆசிரியர். "எனக்கேன் இந்தப் பொல்லாப்பு?" என்று ஒருவர் எண்ணினால் அவரைக் கல்நெஞ்சர் என்று இகழ்வதற்கில்லை. அவருக்கு வேண்டியது தெளிவான கட்டளையும் ஒரு மணி நேரப் பயிற்சியும். இங்கிலாந்தில் நோயுடைய மாணாக்கருக்குப் பாடசாலை உதவவேண்டும் என்பதை 2014 ஆம் ஆண்டிற் சட்டமாகவே ஆக்கினார்கள். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்விச்சபை 2017 ஆம் ஆண்டில், நீரிழிவுடைய மாணாக்கர் பரீட்சை மண்டபத்துக்குத் தின்பண்டமும் பழமும் தண்ணீரும் கொண்டுசெல்லலாம் என்று அறிவித்தது. இத்தகைய எழுத்து ஒன்று கையில் இருந்தால் மேற்பார்வையாளருக்கும் அச்சமில்லை, பரீட்சார்த்திக்கும் அச்சமில்லை.

ஆசிரியர் நோயை முன்கூட்டி அறிவதால் விளையக்கூடிய பயனுக்கு இத்தாலி நாட்டின் பார்மா மாகாணம் சிறந்த சான்று. அங்கே புதிதாக நோய் கண்ட பிள்ளைகளில் 100 இற்கு 78 பேர், என் மாணவியைப்போல், இரத்தம் அமிலமாகி உயிருக்குப் போராடும் நிலையிலேயே வைத்தியசாலையை அடைந்துகொண்டிருந்தனர். 1991 ஆம் ஆண்டில் வைத்தியர்கள் ஒரு சுவரொட்டியை அச்சிட்டு மாகாணத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். அதிற் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. மிகுதியாகத் தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல் ஆகிய குறிகளைக் கண்டால் இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள் என்பதே செய்தி. 1997 வரையுள்ள காலத்தில் அந்த 78 என்பது 12.5 ஆகக் குறைந்தது. சுவரொட்டி செல்லாத அண்டை மாகாணங்களில் அக்குறைவு இல்லை. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. சுவரில் ஒட்டிய ஒரு தாள்!

நம்மவரிடையே வேறு சில இடர்களும் உண்டு. சைவப் பாடசாலைகளிற் கந்தசட்டி, சிவராத்திரி முதலிய விரதங்களைப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பிடிப்பார்கள். இசுலாமியப் பிள்ளைகள் றமழான் நோன்பு நோற்பார்கள். ஊசி ஏற்றிக்கொண்டு உண்ணாதிருத்தல் பேராபத்து. ஊசியை விட்டுவிட்டு நோற்றல் அதனினும் பெரிய ஆபத்து. வைத்தியரைக் கேளாமல் இப்பிள்ளைகள் பட்டினி கிடத்தல் ஆகாது என்பதை, அவர்தம் மனம் நோகாமல், சமயபாட ஆசிரியரே எடுத்துச் சொன்னாற் பிள்ளை கேட்கும். காலைக்கூட்டத்தில் நெடுநேரம் வெயிலில் நிறுத்துவதும் கவனிக்கத்தக்கது.

விளையாட்டைப் பற்றி இருவேறு தவறுகள் நிகழ்கின்றன. ஒன்றும் அறியாத உடற்கல்வி ஆசிரியர், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சியில், உணவின்றிப் பிள்ளையை ஓடவிடுவார். ஓட்டம் சீனியைத் தாழ்த்தும். ஓடி முடிந்து பல மணி நேரத்தின் பின், இரவிலேகூடத் தாழ்த்தலாம். சிறிது அறிந்தவரோ, "உனக்கு ஆகாது" என்று சொல்லி மர நிழலில் உட்காரவைத்து மற்றவர்களின் செருப்புகளைக் காவல் காக்கச் செய்வார். பின்னது கருணையாகத் தோன்றினும் பிள்ளையின் மனத்தில் ஆழமான காயத்தை உண்டாக்கும். துடுப்பாட்ட வீரர் வசீம் அக்ரமுக்கு 1997 ஆம் ஆண்டில் முதலாம் வகை நீரிழிவு கண்டது. அதன்பின்னரே அவர் 1999 ஆம் ஆண்டு உலகக்கிண்ணப் போட்டியிற் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார். 2003 வரை பந்து வீசினார். விளையாடுமுன் சிறிது உண்பதும், சட்டைப்பையிற் குளுக்கோசு வைத்திருப்பதும், இன்சுலின் அளவு பற்றி வைத்தியரைக் கேட்டுக்கொள்வதும் போதும்.

இனி, மறைத்தல். பெண்பிள்ளைக்கு இந்நோய் கண்டால், பின்னாளில் மணம் பேசும்போது தடையாகுமென்று எண்ணிப் பெற்றோர் பாடசாலைக்கும் தெரிவியாது விடுகின்றார்கள். பிள்ளை மலசலகூடத்தின் அழுக்கினிடையே நின்று ஒளித்து ஊசி ஏற்றுகின்றது. அல்லது ஏற்றாமலே விடுகின்றது. மறைப்பது நம் நாட்டுப் பழக்கம் மாத்திரமன்று. அமெரிக்க இராசாங்கச் செயலாளராயிருந்த சாள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத், 1922 இல் இன்சுலின் பெற்று உயிர்தப்பிய முதற் சிலருள் ஒருவர். அவர் கல்லூரியிற் பயின்று, மணம்புரிந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். அவ்வளவு காலமும் நெருங்கிய சிலரைத் தவிர எவரும் அறியாவண்ணம் தம் நோயை மறைத்தே வாழ்ந்தார். அத்துணை உயர்குடிப் பெண்ணையே அச்சம் ஆட்கொண்டதென்றால், நம் கிராமத்துத் தாயார் ஒருவரைக் கடிந்து என்ன பயன்? பாடசாலையிற் சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்று அவர் அஞ்சுகிறார். அவ்வச்சம் ஆதாரமற்றதுமன்று, ஆசிரியர் ஓய்வறையிற் பேசப்படும் செய்திகள் சில வேளை பாடசாலை மணிக்கு முன்னரே வீதியை அடைந்துவிடுகின்றன. ஆகவே, பெற்றோர் சொல்லவேண்டும் என்று வற்புறுத்துமுன், கேட்டதைக் காக்கும் வாய் ஆசிரியருக்கு வேண்டும்.

நாட்டு வைத்தியத்தால் நோய் அறவே நீங்கும், ஊசியை நிறுத்துங்கள் என்று சொல்வோரும் உளர். ஆசிரியர் சொல்லுக்குக் கிராமங்களில் இன்னும் மதிப்பு இருப்பதால், நாம் அதனை ஒப்புக்கும் ஆமோதித்தல் கூடாது. முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்திய பிள்ளை சில நாள்களுக்குள் உயிராபத்தை அடையும். அரசினர் வைத்தியசாலைகளில் இம்மருந்து இலவசமாகவே வழங்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாட்டில் மருந்துகள் பலவற்றுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தபோது இக்குடும்பங்கள் பட்ட கலக்கத்தைச் சொல்லி முடியாது.

வகுப்பிற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. ஒரு தகரப் பேணி. அதனுள் குளுக்கோசுப் பொட்டலங்கள் இரண்டு, ஒரு தேக்கரண்டி, பிஸ்கற்றுப் பொதி ஒன்று, பெற்றோரின் தொலைபேசி இலக்கம். பேணியைப் பூட்டிய அலுமாரியில் வைத்துத் திறப்பை அதிபரிடம் கொடுத்துவிடுதல் ஒரு வழக்கம், அது வேண்டாம். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், எறும்பு புகாதவாறு மூடிவைத்தாற் போதும். பிள்ளை தண்ணீர் குடிக்கவும், வெளியே போகவும், வேண்டும்போது உண்ணவும், விரலிற் குத்தி இரத்தம் பார்க்கவும் கேளாமலே அநுமதி இருத்தல் நன்று. பகலில் ஊசி ஏற்றவேண்டிய பிள்ளைக்குக் கதவுள்ள சுத்தமான ஓரிடம் தேவை. பயன்படுத்தும் இன்சுலினை 30 பாகை வெப்பத்திற்கு மேற்படாமல் நிழலில் வைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில், ஈரமணல் நிரப்பிய மட்பானையினுள் வைக்கும் வழக்கம் வெப்பநாடுகள் பலவற்றில் உண்டு. பனிக்கட்டியின்மேல் வைத்தல் ஆகாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆண்டின் முதற் தவணை தொடங்கும் நாளில் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நீண்ட கடிதம் வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு உண்டு என்பது, எத்தனை மணிக்கு ஊசி ஏற்றப்படுகின்றது, எத்தனை மணிக்கு உண்ணவேண்டும் என்பன, சீனி தாழும்போது உங்கள் பிள்ளையிடம் முதலிற் காணும் குறி எது என்பது (ஒரு பிள்ளை வியர்க்கும், மற்றொன்று சினக்கும், வேறொன்று வெறுமனே சிரிக்கும், அதை அறிந்தவர்கள் நீங்களே), கிளினிக் எந்த நாள், எந்த வைத்தியசாலை என்பது, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்ல வேண்டாம் என்பது. இவை அடங்கிய கடிதத்திற்குப் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை உடற்கல்வி ஆசிரியரிடமும், மற்றதை வகுப்பாசிரியர் வராத நாளில் அவ்வகுப்பைப் பார்ப்பவரிடமும் கொடுத்துவிடுங்கள்.